பழைய ஸ்போர்ட்ஸ் காரும் கம்ப்யூட்டர் பாகப் பட்டியலும்

(ஸ்ரீவராகத்தில் நடந்த ஸபைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீவராஹமூர்த்தியின் கோயிலும் குளமும் உள்ள இந்த இடத்தில் சாதாரணமாக உபன்யாஸம், நாராயணீயம், கச்சேரி என்றுதான் நாம் கூடுவது வழக்கம். இன்றைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாகம் தேடும் கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறார்கள். இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்பா காலத்துக் கார் ஷெட்டில் நிற்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே உண்டு. பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் ஆசைப்பட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் கதை ஒரே மாதிரி முடிகிறது. "ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். வண்டி மெதுவாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது. பாகம் உலகத்தில் எங்கேயோ அலமாரியில் இருக்கிறது; அதை எந்தப் பெயரால் கேட்பது என்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மஹாராஜாவின் மெர்சிடஸ் பென்ஸ் 180-ஐ, சி.ஏ.என். 42 என்ற நம்பருடன், இங்கே அநேகம் பேர் பார்த்திருப்பீர்கள். 1950-களின் வண்டி. 2013 டிசம்பரில் காலமாகும் வரை அவர் அதைக் கைவிடவில்லை. நாலு கதவு உள்ள, ஆரவாரம் இல்லாத குடும்பக் கார். அதே கம்பெனி 1955 முதல் 1963 வரை 190 எஸ்.எல். என்ற, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. மொத்தம் 25,881 வண்டிகள். இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் அந்த ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தளம், நம் பட்டத்து மஹாராஜாவின் 180-ன் அடித்தளத்தைக் குறுக்கிச் செய்ததுதான். முன் ஸஸ்பென்ஷன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1957 முதல் வந்த 180-ல் உள்ள 1,897 ஸி.ஸி. இன்ஜினும் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே வம்சம். கார்புரேட்டர் முதலியவை வேறு. பாகப் பட்டியலைத் திறந்தால் 190 எஸ்.எல்.-க்குப் போடும் பல பாகங்களின் எண் 120 அல்லது 121 என்று தொடங்கும். 120 என்பது 180-க்குத் தொழிற்சாலை வைத்த குறி. "ஸ்போர்ட்ஸ் கார் பாகம்" என்று கேட்டால் ஒரு விலை, "180 பாகம்" என்று கேட்டால் வேறு விலை. பெட்டிக்குள் இருக்கும் சாமான் சில சமயம் ஒன்றே.

சென்னையிலும் இதே கதை உண்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. லோட்டஸ் எலான் என்ற புகழ் பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் பாகங்கூட ஹெரால்டு குடும்பத்திலிருந்து எடுத்ததே. மாம்பலத்திலும் கரமனையிலும் நம் பெரியவர்கள் ஆபீஸுக்கு ஓட்டிப்போன வண்டிக்கும் லண்டனில் பந்தயத்துக்குப் போன வண்டிக்கும் இப்படி ஓர் உறவு.

இந்த உறவு முறையை வண்டியின் பெயர் காட்டாது. எண்தான் காட்டும். எலெக்ட்ரானிக் பார்ட்ஸ் கேடலாக் என்பது அந்த எண்களின் வம்சாவளி.

முதலில் இது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் டீலரிடம் தடிமனான பார்ட்ஸ் புக் இருக்கும். பிறகு மைக்ரோஃபிஷ் என்ற சிறு ஃபிலிம் தகடுகள் வந்தன. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் படிப்பார்கள். அடுத்து ஸி.டி., டி.வி.டி., இப்போது பெரும்பாலும் இணையம். மெர்சிடஸில் இதற்கு ஈ.பி.ஸி. என்று பெயர். பி.எம்.டபிள்யூ.வில் ஈ.டி.கே., போர்ஷேயில் பெட், ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் எட்கா. எல்லாமே டீலர் கவுன்ட்டருக்காகச் செய்தவை. போர்ஷே தன் பழைய மாடல்களின் பட்டியல்களைப் பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. பிரிட்டிஷ் கார்களுக்கு ஒரே மென்பொருள் என்று இல்லாவிட்டாலும், பழைய பார்ட்ஸ் புக்கின் மறுபதிப்புகள் உண்டு; பாகம் விற்கும் கம்பெனிகள் அதே படங்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன. கம்ப்யூட்டர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் திருட்டுப் பிரதி டிஸ்க்குகளை நம்ப வேண்டாம். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். அவை எந்த வருஷத்தோடு நின்றுபோனவை என்று தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

மென்பொருளைத் திறந்தால் முதலில் கேட்பது சேஸிஸ் நம்பர். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் "1986 மாடல்" என்று சொல்லிவிட்டு மேலே போகப் பார்க்கிறார்கள். நாம் பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்து அபிவாதனம் சொல்லும்போது வெறும் பெயரை மட்டுமா சொல்கிறோம்? ரிஷிகள், கோத்ரம், ஸூத்ரம், சாகை எல்லாம் சொல்லிக் கடைசியில்தான் இன்ன சர்மா என்று சொல்கிறோம். 1981 முதல் கார்களுக்கு வந்த 17 எழுத்துச் சேஸிஸ் நம்பரும் அப்படித்தான். முதல் மூன்று எழுத்து, யார் செய்தது என்பது. டபிள்யூ.டி.பி. என்றால் மெர்சிடஸ், டபிள்யூ.பி.0 என்றால் போர்ஷே. அடுத்த ஆறு, எந்தக் கிளை என்பது. கடைசி எட்டு, அந்தக் கிளையில் பிறந்த இந்த ஒரு வண்டி. ஒன்று, பூஜ்யம் இவற்றோடு குழம்பாமலிருக்க ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் இந்த நம்பரில் வரவே வராது. ஆர்.ஸி. புக்கில் ஓ என்று எழுதியிருந்தால் அது பூஜ்யம். எழுதியவர் கை தவறியிருக்கிறார். ஆகவே ஆர்.ஸி. புக்கை மட்டும் பார்க்காமல், வண்டியில் பொறித்திருக்கும் நம்பரை ஒரு துணியால் துடைத்துப் படித்து, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது எழுத்து விசேஷமானது. போர்ஷேயில் அது மாடல் வருஷம்: 1985-க்கு எஃப், 1986-க்கு ஜி, 1987-க்கு எச், 1988-க்கு ஜே. ஐரோப்பாவுக்காகச் செய்த மெர்சிடஸில் அதே இடத்தில் 1 இருந்தால் இடது பக்க ஸ்டியரிங், 2 இருந்தால் வலது பக்க ஸ்டியரிங். அதே இடம், வேறு அர்த்தம். ஆகவே ஒரு கம்பெனிக்குக் கற்றதை இன்னொரு கம்பெனிக்கு அப்படியே வைத்துப் பார்க்கக்கூடாது. அதற்கும் முந்தின மெர்சிடஸ் ஸ்போர்ட்ஸ் கார்களில் நம்பர் 113.044 என்பதைப் போலத் தொடங்கும். 113.042 என்றால் 230 எஸ்.எல்., 113.043 என்றால் 250, 113.044 என்றால் 280. அதன் பின்னால் 22 என்று வந்தால் வலது பக்க ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக் கியர். 20 என்று வந்தால் வலது பக்கம், கையால் போடும் கியர். நாலு இலக்கத்தில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

மாடல் வருஷம் என்பது பதிவு வருஷம் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். போர்ஷே 911-ல் 1986 மாடல் வருஷம் வரை 915 என்ற கியர்பாக்ஸ். 1987 மாடல் வருஷத்திலிருந்து ஜி 50 என்ற புதிய கியர்பாக்ஸ். க்ளட்ச்சும் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வது. ஒரு காரை 1986 அக்டோபரில் வாங்கிப் பதிவு செய்திருந்தால், ஆர்.ஸி. புக்கில் 1986 என்றுதான் இருக்கும். ஆனால் அது 1987 மாடலாக இருக்கலாம். "1986-க்கு க்ளட்ச் கிட் அனுப்பு" என்று எழுதினால் கப்பலேறி வருவது அந்த வண்டியில் பொருந்தவே பொருந்தாது. பத்தாவது எழுத்து ஜியா, எச்சா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். போர்ஷே 944-லும் இதே மாதிரி: 1985-ம் வருஷத்தின் நடுவிலேயே டேஷ்போர்டிலிருந்து ஸஸ்பென்ஷன் கைகள் வரை மாறிவிட்டன. பட்டியல் அதை இரண்டு தனிப் பிரிவாகக் காட்டும்.

சேஸிஸ் நம்பர் கொடுத்தபின் குழுக்கள் வரும். போர்ஷேயில் 1 இன்ஜின், 2 பெட்ரோலும் புகைக்குழாயும், 3 கியர்பாக்ஸ், 4 முன் அச்சும் ஸ்டியரிங்கும், 5 பின் அச்சு, 6 சக்கரமும் ப்ரேக்கும், 7 பெடல்கள், 8 பாடி, 9 எலெக்ட்ரிக்கல். மெர்சிடஸில் 33 முன் அச்சு, 35 பின் அச்சு, 42 ப்ரேக், 46 ஸ்டியரிங். குழுவைத் தொட்டால் படம் வரும். ஒரு பொருளைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அது நுழையும் வரிசையில் காற்றில் நிறுத்தி வைத்த மாதிரியான படம். இந்தப் படத்துக்காகவே இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். எந்த வாஷர் எந்தப் பக்கம், எத்தனை, எந்த ஸ்ப்ரிங் முதலில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் மெக்கானிக்குகளுக்கு இங்கிலீஷோ ஜெர்மனோ தெரிய வேண்டியதில்லை, படம் போதும். ஒரு பிரதி எடுத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, கழற்றியதையெல்லாம் அந்த வரிசையில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். எது குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்ன வரிசை எண். அது பாக எண் அல்ல. அந்த வரிசை எண்ணைப் பக்கத்திலுள்ள அட்டவணையில் பார்த்தால்தான் உண்மையான பாக எண் கிடைக்கும். அட்டவணையின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். "இந்தச் சேஸிஸ் நம்பர் வரை", "இந்த நம்பரிலிருந்து", "ஏ.ஸி. உள்ள வண்டிக்கு மட்டும்", "வலது பக்க ஸ்டியரிங்குக்கு" என்ற குறிப்புகளெல்லாம் அங்கேதான். ஜெர்மன் பட்டியலில் ஆர்.எல். என்றால் வலது பக்க ஸ்டியரிங், எல்.எல். என்றால் இடது. நமக்கு இது முக்கியம். படங்கள் பெரும்பாலும் இடது பக்க ஸ்டியரிங் வண்டிக்கு வரைந்தவை. இன்னொன்று: இடது, வலது என்று பட்டியல் சொல்வது, டிரைவர் ஸீட்டில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவருடைய இடது, வலது. பானெட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் மாறிப்போகும்.

ஹெரால்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில் ட்ரனியன் என்ற ஒரு பித்தளைத் துண்டு உண்டு. தூண் அதற்குள் மரையில் திரும்பும். இடது பக்கத்துக்கு ஒரு திசை மரை, வலது பக்கத்துக்கு எதிர்த் திசை மரை. ஆகவே இரண்டு தனித்தனிப் பாக எண்கள். அதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்பது தொழிற்சாலையின் விதி. எண்ணெய் காய்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து தூண் அரித்துப்போகும். திருப்பத்தில் அது ஒடிந்தால் சக்கரம் வண்டியின் அடியில் மடங்கிவிடும். "கிட்டத்தட்ட பொருந்துகிறது" என்று சொல்லி லேத்தில் கடைந்து போடுகிற இடம் அல்ல இது. ஸ்டியரிங், ப்ரேக், சக்கரம் தாங்கும் பாகம், பெட்ரோல் குழாய் ஆகிய நாலு விஷயத்தில் எண் சரியாக இருந்தாலொழிய ஒன்றும் போடாதீர்கள். கதவுப் பிடியிலும் ஆஷ்ட்ரேயிலும் நம் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

பாக எண்ணையே படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பழைய போர்ஷே 911-ன் ஆயில் ஃபில்டர் எண் 930.107.764.00. முதல் 930 என்பது 911 டர்போவுக்கு வைத்த குறி. பாகம் முதலில் அந்தக் குடும்பத்துக்காக எண் பெற்றது. ஆனாலும் டர்போ இல்லாத 911-லும் அதுதான். அடுத்த 1 இன்ஜின் குழு. 07 அதில் ஆயில் பகுதி. 764 இந்த ஃபில்டர். கடைசி 00 திருத்தத்தைக் காட்டும். கடைசி இரண்டு இலக்கம் 01, 02 என்று ஏறினால் கம்பெனி அதைத் திருத்தி வெளியிட்டிருக்கிறது என்று பொருள். பழைய எண்ணைப் போட்டால் "இதற்குப் பதில் இது" என்று மென்பொருளே புதிய எண்ணைக் காட்டும். கடைக்காரர் "அந்த எண் இல்லை, நின்றுபோயிற்று" என்று சொன்னால், மாற்று எண் என்ன என்று கேளுங்கள். பழைய எண்தான் நின்றிருக்கும். பாகம் வேறு எண்ணில் வந்துகொண்டிருக்கலாம். சில இடத்தில் "கூடவே இதையும் மாற்றவும்" என்று இருக்கும். அதைப் படிக்காமல் ஒன்றை மட்டும் வாங்கினால் பொருந்தாது.

பாகத்தை உண்மையில் செய்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. இன்ஜெக்டர் பாஷ் செய்தது, க்ளட்ச் ஸாக்ஸ் செய்தது, ப்ரேக் ஆட்டே அல்லது கர்லிங் செய்தது என்று இருக்கும். பாஷின் எண் பத்து இலக்கம். பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வாங்கினால் கார் கம்பெனி பெட்டிக்குக் கொடுக்கும் விலை மிச்சம். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1951-ல் தொடங்கிய மைக்கோதான் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. கர்லிங்கின் ப்ரேக் தொழில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று சென்னைக்கு வந்தது. பேரிங் விஷயம் இன்னும் சுலபம். 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் அதுவே. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லாமல் சாலை பஜாரில் ஒரு பேரிங் கடையில் நம்பரை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

இனி, இந்த மென்பொருள் சொல்லாதது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் எப்படி இருந்தது என்பதே பட்டியலுக்குத் தெரியும். அதற்கப்புறம் நம் ஊரில் நடந்தது தெரியாது. பெட்ரோல் விலைக்குப் பயந்து இன்ஜினையே மாற்றிய வண்டிகள் நம் நாட்டில் ஏராளம். மெர்சிடஸ் 240 டி காரின் ஓ.எம். 616 டீசல் இன்ஜினை பஜாஜ் டெம்போ கம்பெனி, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் பெற்று இங்கே செய்தது. அது எத்தனையோ வேற்று வண்டிகளின் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்குச் சேஸிஸ் நம்பரை வைத்து இன்ஜின் பாகம் தேடுவது வீண். இன்ஜின் நம்பரை இன்ஜினிலிருந்தே படித்து, அந்த இன்ஜினின் பட்டியலில் தேட வேண்டும். மேலும், பட்டியலில் எண் இருப்பதால் பாகம் கையிருப்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்கு டீலரையோ, மெர்சிடஸ் 1993 முதல் ஜெர்மனியில் நடத்தும் கிளாசிக் சென்டர் போன்ற இடங்களையோதான் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பில்லில் பாக எண்ணும் பெயரும் தெளிவாக இருக்கட்டும். வண்டிப் பாகங்களில் பல சுங்கத்தில் 8708 என்ற தலைப்பில் வருகின்றன. வந்ததும், பழைய பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை பழையதை எறியக்கூடாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல நிலையில் பராமரித்த வண்டிகளுக்கு, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துடன் பதிவு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. தினசரி உபயோகத்துக்கு இல்லை. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ரிப்பேர் போன்றவற்றுக்கு ஓட்டலாம். "மூல நிலை" என்று நிரூபிக்க நம் கையில் என்ன இருக்கிறது? தொழிற்சாலைப் பட்டியலும், அதோடு ஒத்துப்போகும் எண்களுமே. இன்று மலிவு என்று எதையோ வெட்டி ஒட்டினால், நாளைக்குப் பேரன் அந்தப் பதிவைக் கேட்டுப்போகும்போது வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே எல்லோருக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. வீட்டில் பழைய வண்டி இருந்தால், அது ஸ்போர்ட்ஸ் காரோ ஹெரால்டோ, அதற்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் புஸ்தகம் போதும். முதல் பக்கத்தில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், பெயின்ட் குறி. பொறித்த இடத்தின் புகைப்படம். பிறகு எந்தத் தேதியில் எந்தப் பாகம், என்ன எண், எங்கே வாங்கியது, யார் போட்டது. தொழிற்சாலையில் இல்லாத எது இப்போது வண்டியில் இருக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். மென்பொருளால் தர முடியாத பாதி இது. பத்மநாபஸ்வாமி கோயிலின் மதிலகம் ஓலைகளில் அன்றாட வரவு செலவுகளைக்கூட யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்ததால்தான் பல நூற்றாண்டுகளின் சங்கதி இன்று நமக்குத் தெரிகிறது. எழுதியவர்கள் தங்களுக்காக எழுதவில்லை.

இந்த வண்டிகளைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மேஸ்திரிகள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. படத்தையும் எண்ணையும் அவர்களிடம் காட்டி, "இதில் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்" என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள இதுதான் சமயம். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அழுக்குப் படிந்து மறைந்திருந்தால் சுரண்ட வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.